எந்த நாளிலிருந்து 28?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவின் மூளை வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருத்துவ மாணவர்களே தூங்கி வழியும் பாடம் அது. அதை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்களே என்று முதல் முறை மகிழ்ந்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்தி கண்ணில் பட்டது. "கருவின் நரம்புக் குழல் 28ஆம் நாளில் மூடிவிடும். ஆகவே கர்ப்பம் உறுதியானதும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும்" என்றது அது. நரம்புக் குழல் என்பது பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் குழாய்; அது சரியாக மூட உதவும் பி வகை வைட்டமின்தான் ஃபோலிக் அமிலம். பெட்டியின் முதல் வாக்கியம் சரி. அது சரியென்றால் இரண்டாவது நிற்காது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கருவியல் கற்பித்தவள் நான். இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கருவியல் நூல்கள் நாளை எண்ணுவது சினைமுட்டை கருவுற்ற நாளிலிருந்து. மகப்பேறு மருத்துவர் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு வாரம். ஸ்கேன் அறிக்கையில் "ஆறு வாரம்" என்று இருந்தால் கருவின் உண்மையான வயது நான்கு வாரம்தான். உங்கள் பெட்டியில் உள்ள 28 எந்த நாளிலிருந்து என்று கட்டுரை எங்கும் சொல்லவில்லை.

எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் உணரும் அன்று கருவுக்கு வயது ஏறக்குறைய 14 நாள். 18ஆம் நாள் வாக்கில் முதுகுப்பக்கத்தில் நரம்புத் தட்டு தடிக்கிறது. 22ஆம் நாள் வாக்கில் அதன் இரு ஓர மடிப்புகளும் எழுந்து ஒட்டத் தொடங்குகின்றன. தலைப்பக்கத் திறப்பு 25ஆம் நாள் வாக்கிலும், வால்பக்கத் திறப்பு 27 அல்லது 28ஆம் நாளிலும் மூடுகின்றன. அப்போது கருவின் நீளம் சுமார் நான்கு மில்லிமீட்டர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு பரிசோதனை செய்து, அடுத்த வாரம் மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போகிறவர் கைக்கு மாத்திரைச் சீட்டு வருவதற்குள் குழல் மூடியிருக்கும். அல்லது மூடாமலே நின்றுபோயிருக்கும். அதோடு, இரத்தத்தில் இந்த வைட்டமின் (ஃபோலேட்) போதிய அளவுக்கு ஏறவே சில வாரங்கள் பிடிக்கும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

வகுப்பில் இதைக் காட்டக் கோழி முட்டைதான் வசதி. ஒன்றரை நாள் அடைவைத்த முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைப்போம். மஞ்சள் கருவின் மேல் அரிசி நீளத்துக்கு வெளிறிய கீற்று ஒன்று கிடக்கும். உற்றுப் பார்த்தால், தலைப்பக்கம் மடிப்புகள் ஒட்டி மூளையின் முதல் வீக்கங்கள் தெரியும். வால் முனையில் மட்டும் இன்னும் ஒட்டாத இடம், ஈட்டிமுனைபோலத் திறந்து கிடக்கும். ஜிப் இழுப்பதுபோல என்று சொல்லித்தான் கற்பிப்போம். மனிதக் கருவில் அந்த ஜிப் கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "மூடாவிட்டால்?" என்று கேட்பாள்.

மேலே மூடாவிட்டால் அனென்செஃபலி. மண்டையோட்டின் கூரை உருவாகாது. வெளியே தெரியும் மூளைத்திசு பனிக்குட நீரில் சிதைந்துபோகும். அந்தக் குழந்தை இறந்தே பிறக்கும், அல்லது பிறந்து சில மணி நேரத்தில், சில நாட்களில் இறந்துவிடும். கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா. இந்தப் பெயருக்குள் பல நிலைகள் அடங்குகின்றன. கட்டுரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. தண்டுவடமே முதுகில் திறந்து கிடக்கும் கடுமையான நிலையில் கால்கள் வலுவிழக்கும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நிற்காது, பெரும்பாலும் மூளையில் நீரும் கோத்துக்கொள்ளும். இன்னொரு முனையில், முள்ளெலும்பின் பின்வளைவு மட்டும் சேராமல் தோல் மூடியிருக்கும் மறைவான வகை. அது பலருக்கு இருக்கிறது, எந்தத் தொல்லையும் தருவதில்லை. முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுத்து, அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்து நடுங்கிப்போன இரண்டு பேரை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஃபோலிக் அமிலத்துக்கான ஆதாரத்தையும் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்தது. முன்பே இக்குறைபாட்டோடு ஒரு கருவைச் சுமந்த பெண்கள்தாம் அதில் பங்கேற்றார்கள். மீண்டும் 27 கருக்களில் குறைபாடு வந்தது: ஃபோலிக் அமிலம் எடுத்த பிரிவுகளில் 6, எடுக்காத பிரிவுகளில் 21. பாதுகாப்பு 72 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். நான் எப்போதும் அந்த 6இல்தான் நின்றுவிடுவேன். ஃபோலிக் அமிலம் பெற்ற பிரிவிலும் ஆறு பேருக்கு வந்திருக்கிறது. மரபணு, முன்பே இருந்த நீரிழிவு, வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்து என்று காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வேலை செய்கின்றன. "தாய் அலட்சியமாக இருந்தால்" என்று உங்கள் கட்டுரையில் வரும் சொற்றொடர் எனக்குக் கசந்தது. குழந்தையின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு தாயும் இந்த இதழைப் புரட்டக்கூடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் விட்டுப்போயின. முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு வழக்கமான 400 மைக்ரோகிராமைவிடப் பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம் அளவில் மருத்துவர் எழுதித் தருவார். அந்த அளவை எட்டுவதற்காகப் பல்கூட்டு வைட்டமின் மாத்திரைகளைப் பத்துப் பத்தாக விழுங்கிவிடக் கூடாது. கூடவே உள்ளே போகும் வைட்டமின் ஏ மிகுந்தால் அதுவே கருவைக் கெடுக்கும். வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே அதை நிறுத்தவும் கூடாது. வலிப்பு திரும்பினால் தாய்க்கே ஆபத்து. கருத்தரிக்கும் எண்ணம் வந்தவுடனே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வழியிருக்கிறது.

உலகில் கருத்தரிப்புகளில் கிட்டத்தட்டப் பாதி திட்டமிடாமல் நிகழ்கின்றன. முன்கூட்டியே மாத்திரை என்ற அறிவுரை அந்தப் பெண்களை எட்டாது. அமெரிக்கா 1998 முதல் செறிவூட்டப்படும் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். இது குறித்துத் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால் நல்லது.

அதற்கு முன், அடுத்த இதழில் அந்தப் பெட்டியை மட்டும் திருத்தி வெளியிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "கருவுற்ற நாளிலிருந்து 28 நாளுக்குள், அதாவது நாள் தள்ளிப்போன இரண்டு வாரத்துக்குள், நரம்புக் குழல் மூடிவிடுகிறது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். முன்பே தொடங்காதவர்கள் கர்ப்பம் தெரிந்த அன்றே தொடங்கி, பன்னிரண்டாவது வாரம் வரை தொடர வேண்டும்." அந்தப் பன்னிரண்டு, மகப்பேறு மருத்துவரின் கணக்குப்படி. அதையும் அச்சில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியை ஒருவர்