கறுப்பு வெள்ளையிலேயே ஏன் எடுக்கிறேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துகொண்டுவிடு. கட்டைப் பிரித்ததும் எதிரே கிடந்த நீலப் போர்வை அப்படி ஒரு நீலமாக இருந்தது, இத்தனை வருடமாக இதையா சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், அது நீல ஒளியைத்தான் அதிகம் தடுக்கும் என்பார்கள். ஓவியர் மோனேவும் 1923இல் இதே சிகிச்சை செய்துகொண்டவர்தான். அதற்கு முந்தைய சில வருடங்களில் அவர் தீட்டிய ஓவியங்களைப் பார், சிவப்பும் பழுப்பும் மண்டிக் கிடக்கும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நிறமெல்லாம் திரும்பக் கிடைத்திருக்கிறது, நீ என்னடா என்றால் இருக்கிற நிறத்தையும் எடுத்துவிட்டுப் படம் அனுப்புகிறாய், ஏன் என்று கேட்டிருக்கிறாய். இதை வேறு சிலரும் கேட்டார்கள், அவர்களிடம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். உனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

நான் எடுப்பது என்ன என்று உனக்குத் தெரியும். மாடிப்படி, கொடியில் காயும் துணி, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், வாசலில் கிடக்கும் செருப்பு, கதவிடுக்கில் விழும் வெளிச்சம். யாரும் நின்று பார்க்காத பொருட்கள். இவற்றை வண்ணத்தில் எடுத்தால் படத்தில் முதலில் தெரிவது மூலையில் கிடக்கிற சிவப்பு பிளாஸ்டிக் வாளிதான். நான் எடுக்க நினைத்தது சுவரில் படிந்திருந்த படிக்கட்டின் நிழலை, ஆனால் பார்ப்பவர் கண் வாளியை விட்டு நகராது. நிறத்துக்கு அப்படி ஒரு பலம், கூப்பிட்டால் கண் ஓடிவிடும். அதை எடுத்துவிட்டால் வாளி ஒரு சாம்பல் உருளையாகி ஒதுங்கிவிடுகிறது, நிழல் முன்னே வருகிறது. அன்றாடப் பொருட்களுக்கு நிறம் பெரும்பாலும் தற்செயலாக வந்து சேர்ந்தது, கடையில் அன்று அந்த நிறம் இருந்தது, வாங்கினோம், அவ்வளவுதான். வெளிச்சம் அப்படி இல்லை, அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் மட்டும் உரியது. எனக்கு அதுதான் வேண்டும்.

இதில் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. எந்த நிறம் எந்தச் சாம்பலாகும் என்பது. பச்சை இலைக்கு நடுவே சிவப்புப் பூ, கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி பூவே காணாமல் போய்விடலாம். கண்ணுக்குப் பச்சை வெளிச்சமாகத் தெரியும், நீலம் மங்கலாகத் தெரியும். பழைய தொலைக்காட்சித் தரத்தில் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. நீ திரும்பப் பெற்று வியந்துகொண்டிருக்கிற நீலம்தான் இந்தக் கணக்கில் கடைசி! ஆனால் பிலிமுக்கு முன்னால் படம் பிடிக்கப் பயன்பட்ட 19ஆம் நூற்றாண்டுத் தகடுகளில் இது நேர் எதிர். அவற்றுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் வானம் மேகமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும். எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்குரோமாடிக் பிலிம் பிறகு வந்தது. நம் இருட்டறையில் பிரிண்ட் போடும்போது மட்டும் சிவப்பு விளக்கு எரியலாம், பிலிமைக் கழுவும் டாங்கில் சுற்றும்போது எதுவும் எரியக்கூடாது என்று அப்போது நமக்குச் சொல்லித்தந்ததற்குக் காரணமும் இதுதான், அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது, பிலிமுக்குத் தெரியும்.

ஆக ஒரே காட்சிக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளை என்று எதுவும் கிடையாது. லென்ஸ் முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் கொஞ்சம் இருண்டு மேகம் எழும்பும். சிவப்பு போட்டால் வானம் கிட்டத்தட்டக் கறுத்துவிடும், முகம் வெளுக்கும், உதடு காணாமல் போகும், அதற்கு விலையாக மூன்று ஸ்டாப் ஒளி போகும், அதாவது எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பச்சை போட்டால் இலைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். இப்போது நான் டிஜிட்டலில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுப்பதால் இதையெல்லாம் பிறகு கணினியில் செய்துகொள்ளலாம், ஆனாலும் கேமராவை மோனோக்ரோமில் வைத்துத்தான் எடுக்கிறேன். திரையில் சாம்பலாகத் தெரியும், கோப்புக்குள் நிறம் பத்திரமாக இருக்கும். எடுக்கும்போதே சாம்பலாகப் பார்த்தால் நிற்கும் இடம் மாறுகிறது, ஒரு எட்டு இடப்பக்கம் போய் வெயில் பக்கவாட்டில் விழுமாறு நிற்கிறேன், வண்ணத்தில் பார்த்திருந்தால் அந்த எட்டை வைத்திருக்க மாட்டேன்.

வண்ணத்தில் சரியாக வராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காப்பாற்றப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம் தட்டையாக இருந்தால் நிறம் போன பிறகு அது இன்னும் தட்டைதான். அப்புறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, கான்ட்ராஸ்டை, முழுக்க ஏற்றி, நிழலெல்லாம் தார் மாதிரி அடைத்துப்போய், அதைக் கலை என்று காட்டுகிறார்களே, அதுவும் பிடிக்கவில்லை. ஒரு சமையலறைச் சுவரில் பத்துப் பதினைந்து சாம்பல் இருக்கும், ஜன்னலிலிருந்து தள்ளிப்போகப் போக ஒவ்வொன்றாக மாறும், அந்த மாற்றம்தான் படமே. மலைகளைப் படம் எடுத்த ஆன்செல் ஆடம்ஸின் ஜோன் முறை நினைவிருக்கிறதா, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிப்படியாகப் பிரித்து, நிழல் எந்தப் படியில் விழ வேண்டும் என்று எடுப்பதற்கு முன்பே தீர்மானிப்பது. அவர் மலைகளுக்கு வைத்த கணக்கை நான் ஈரத் துண்டுக்கு வைக்கிறேன், நன்றாகவே பொருந்துகிறது.

எல்லாவற்றையும் இப்படி எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மழைக்கு முன்னால் திடீரென்று உலகமே மஞ்சளாகும் பார், அதில் நிறம்தான் விஷயம், அதை வண்ணத்தில்தான் எடுப்பேன்.

வீட்டுக்குள்ளேயே எடுத்து என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருந்தாய். புகைப்படம் என்பதே வீட்டு ஜன்னலில்தான் தொடங்கியது சேகர். கேமராவால் எடுத்ததில் இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் 1827 வாக்கில் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது, கூரைகளும் சுவர்களும்தான் அதில் இருக்கின்றன. இங்கிலாந்தில் டால்பட் 1835இல் எடுத்த சின்ன நெகட்டிவும் அவர் வீட்டு ஜன்னல் கட்டங்கள்தான். எனக்கு மிகவும் பிடித்தவர் பிராகாவின் யோசெஃப் சுடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைச் சுமந்து வேலை செய்தவர். 1940இல் நகரம் நாஜிகள் பிடியில் இருந்தபோது தன் ஸ்டுடியோ ஜன்னலை எடுக்க ஆரம்பித்தவர் 1954 வரை அதைத் தொடர்ந்தார். கண்ணாடியில் படிந்த நீர்த்துளி, அதற்கு அப்பால் வளைந்த ஒரு மரம், விளிம்பில் ஒரு பூவோ ஒரு தம்ளரோ. ஒரே ஜன்னல், வேறு வேறு வெளிச்சம். புகைப்படக்காரர் கெர்டெஸும் 1952இல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த வீட்டுக்குக் குடிபோன பிறகு மேலிருந்து பனியையும் மரங்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார். இவர்களைப் பார்த்தபிறகு எங்காவது போனால்தான் படம் கிடைக்கும் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

முழங்கால் வலி இருப்பதால் நான் இப்போது அதிகம் வெளியே போவதும் இல்லை. அதை நினைத்து வருந்தாதே. காலையில் ஒன்பது மணிக்குப் பின்கட்டுச் சுவரில் வரும் வெயில் மாதத்துக்கு மாதம் எங்கே நகர்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன், இந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும் அது தெரியாது.

இன்னொரு செய்தி. பழைய ஆல்பங்களையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் எடுத்த வண்ண பிரிண்டுகள் பலவும் நிறம் போய்ச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன, சாயம்தானே, அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வெளிறுகிறது. அவற்றுக்கும் முந்தைய கறுப்பு வெள்ளை பிரிண்டுகள் அப்படியே இருக்கின்றன, அதில் இருப்பது வெள்ளித் துகள், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் ஒழுங்காகப் போட்டு நன்றாகக் கழுவியிருந்தால் அசையாது. கழுவாமல் அவசரத்தில் எடுத்தவை மட்டும் ஓரம் பழுத்திருக்கின்றன. என் மனைவி அவள் பாட்டியின் படம் ஒன்றைப் பார்த்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள், திருமணப் படம் எதுவும் இல்லை, பாட்டி முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதை யாரோ சும்மா எடுத்தது. ஆல்பத்தில் அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த மாதிரிப் படங்களைத்தான். நான் இன்று செருப்பையும் துணியையும் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பழைய படங்களுக்கு நடுவே உன் அப்பா படம் ஒன்று கிடைத்தது. நான் எடுத்ததுதான், சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறார், நாம் கூப்பிட்டதும் தலையை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார். நெகட்டிவும் இருக்கிறது, கீறல் இல்லை, முகத்தில் நிழல் பக்கம்கூட விவரம் தெளிவாக இருக்கிறது. உன்னிடம் அவர் படங்கள் அதிகம் இல்லை என்று ஒருமுறை சொன்னாய். எந்த அளவில் வேண்டும் என்று எழுது, மேட் காகிதத்தில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். உன் தங்கைக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
குமரன்