நினைவுக்குப் பனை நடுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்கட்கு,

தோட்டமும் வெளியுமே உலகமென உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தகப்பன் மறைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலை அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் பெயரில் பனை நடும் குடும்பங்களும் உண்டு. அத்தகைய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் பையில் வளர்த்த கன்றைத் தேடாதீர்கள். பனங்கொட்டையின் முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கும். பையின் அடியில் முட்டி வளைந்ததைப் பெயர்த்து நட்டால் தப்புவது அரிது. கொட்டையாகவே புதையுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தைப் பொறுக்கி, களி எடுத்த கொட்டையை ஐப்பசி மழைக்கு முன் நான்கு அங்குல ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாக இடலாம். கிணற்றுக்கட்டை விட்டுத் தள்ளியே நடுங்கள். முதல் ஓலை வெளியே தெரியச் சில மாதங்கள் செல்லும். முளைக்கவில்லையென்று இடையில் கிண்டிப் பார்ப்பதாலேயே பல கெட்டுப்போகின்றன. நட்ட இடத்தில் ஒரு தடி ஊன்றிவிட்டால் உழவிலும் தப்பும்.

ஆடு மாடு குருத்தைக் கடிக்காமல் முள் அடையுங்கள். கோடையில் சுற்றிவரப் புல்லைச் செருக்கிவிடுங்கள். குப்பைக்கு வைக்கும் தீ வடலியை, அதாவது இளம்பனையை, கருக்கிவிடும். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்கு 12 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே ஒன்றோடு நிறுத்தாமல் ஐந்தாறாவது நடுங்கள்.

தோட்டக்காரர் சிலர்,
யாழ்ப்பாணம்