மரமில்லா மலையும் நீரில்லா ஆறும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். வேளச்சேரி வீட்டு மாடிப்படியைச் சும்மா சும்மா ஏறி இறங்காதே என்று தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் காட்பாடியிலேயே வேலை கிடைத்துவிட்டது. தினம் ரயில் பிடிக்கிற பாடு ஒழிந்தது.

மனை விஷயத்துக்கு வருகிறேன். மலையடிவாரத்தில் புது லேஅவுட், விலை மலிவு, "ஓரமா சின்னதா ஒரு வாய்க்கால் போகுது, அவ்வளவுதான் சார்" என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த 'அவ்வளவுதான்' பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் வேலூரைக் கிண்டல் பண்ணும் பழைய பட்டியல் உனக்குத் தெரியாததா? நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். கோட்டைக்கு ராஜா வந்தாலும் தொல்லியல் துறை குடியிருக்க விடாது. மிச்சம் இருக்கிற ஆறும் மலையும் தனித்தனிக் குறை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. மலை மொட்டையாக இருப்பதும் ஆறு காய்வதற்கு ஒரு காரணம். மரம் போனதும் மண் போயிற்று, மண் போனதும் பாறைதான் மிச்சம். அதில் கொட்டுகிற மழை தங்க இடமில்லாமல் அப்படியே கானாற்றில், அதாவது மழைக்கு மட்டும் ஓடும் மலை ஓடையில், இறங்கி ஓடிவிடுகிறது. அன்றைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், மாசி மாதம் மயானக் கொள்ளைக்குப் போனால் பாலாற்றில் செருப்புக்கூட நனையாது.

2021 நவம்பரை மறந்திருக்க மாட்டாய். பொன்னையாறு, கவுண்டன்யா, மலட்டாறு என்று எல்லாம் ஒரே நேரத்தில் புரண்டு வந்தன. மோர்தானா அணை நிரம்பி வழிந்தது. நம் நாளில் மணலாகவே பார்த்த பாலாறு இரு கரையும் தொட்டுப் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் தாக்குப்பிடிக்கவில்லை. கோட்டை அகழித் தண்ணீர் போக வழியில்லாமல் கோயிலுக்குள்ளேயே வந்து நின்றது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள். என் தாத்தா இருந்திருந்தால் 1903ஐச் சொல்லியிருப்பார். அந்த நவம்பரில் மேலே மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியைப் பாலாறு வாரிக்கொண்டு போனது. இதற்கு நடுவில் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து உங்கள் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போயிற்று, ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரும் மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி. பாலாற்றங்கரைக்காரன் காவிரியைக் குடித்துக்கொண்டு, அதிலேயே உனக்கும் பங்கு அனுப்பினான்!

சரி, புலம்பல் போதும். நல்ல சேதி ஒன்று சொல்கிறேன்.

கணியம்பாடிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலை அடியிலிருந்து வரும் நாகநதி நம் சின்ன வயதிலேயே மழை நாளில் மட்டும் ஆறு, மற்ற நாளில் வண்டிப்பாதை. வாழும் கலை அமைப்புக்காரர்கள் திட்டம் போட்டுக் கொடுக்க, நூறு நாள் வேலைப் பெண்கள் அதைச் சரிசெய்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் பேசினாரே, இதைத்தான். எனக்குப் பேச்சைவிட வேலையின் சூட்சுமம்தான் பிடித்தது. ஆற்றில் கை வைப்பதற்கு முன்பு மலைக்குப் போயிருக்கிறார்கள். ஓடை இறங்கும் சரிவில், அங்கேயே கிடக்கும் கல்லை அடுக்கிக் குறுக்கே தடுப்பு. சிமென்ட் கிடையாது. தண்ணீரை நிறுத்துவதற்கு இல்லை அது, வேகத்தைக் குறைக்க. தண்ணீர் கல் இடுக்கில் கசிந்து போய்விடும், மண் மேலேயே தங்கிவிடும். மண் தங்கினால் புல் வரும், புல்லுக்குப் பின்னால் செடி. கீழே ஓடைப் பக்கம் குழி தோண்டி, உறை இறக்கி, ஜல்லி போட்டு மூடிய கிணறுகள். நம் கிணறு தண்ணீர் எடுக்க, இது பூமிக்குத் தண்ணீர் கொடுக்க.

மேலே மழை பெய்தால் தானாக ஊறாதா, கிணறு எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன். "மேல களிமண்ணு இறுகிக் கெடக்குது, அதைத் தாண்டி விட்டாத்தானடா உள்ள போகும்" என்றாள். படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நம் பக்கம் பூமி கெட்டிப் பாறை. சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்க முடியும், அதுவும் கொஞ்சம்தான். ஆயிரம் அடி போர் போட்டாலும் ஊற்று ஊறுவது இந்த மேலடுக்கிலிருந்துதான். பாலாற்றில் அந்த வேலையை மணல் செய்தது. நம் அப்பாக்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, மோட்டார் இல்லாமல் வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். மணலை லாரியில் ஏற்றி அனுப்பினோம், ஊற்றுக்காலும் கூடவே போய்விட்டது.

இப்போது நம் தெரு. பின்னால் போகும் கானாறு மலையில் தொடங்கி, ஏரிக்கு வரத்துக்கால்வாயாக இருந்தது. ஏரி நிரம்பிக் கோடி போனால் மிச்சம் பாலாற்றுக்கு. இப்போது அதில் பாதிக்கு மேல் வீடு, மீதியில் குப்பை. வீட்டுக் கழிவு முழுக்க அதிலேதான். தெருவில் மழைநீர்க் கால்வாய் என்று கான்கிரீட்டில் ஒன்று கட்டினார்கள். அதன் விளிம்பு ரோட்டைவிட ஒரு ஜாண் உயரம். தண்ணீர் ஏறிக் குதித்துத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டதில் ரோடு உயர்ந்து கால்வாய் சரியாயிற்று, எங்கள் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன.

எங்கள் தெரு ஆட்கள் சிலர் சேர்ந்து வார்டு கூட்டத்தில் பேசி வருகிறோம். ஓடையின் அடியையும் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று ஒரு கோஷ்டி. நான் வேண்டாம் என்கிறேன். கரைக்குக் கல் கட்டட்டும், அடி மண்ணாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், சாக்கடையை முதலில் பிரிக்க வேண்டும். ஊருக்குள் அவசரப்பட்டு ஓடையில் உறிஞ்சு கிணறு தோண்டினால் கழிவு நேராக நிலத்தடிக்குப் போகும். ஆம்பூர், ராணிப்பேட்டைக் கிணறுகளைத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்று பார்த்த ஊர் நாம். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் அந்த மண் இன்னும் தேறவில்லை. அதனால் ஊருக்குள் மாடித் தண்ணீர் சேகரிப்பு, மலையில் கல் தடுப்பு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்: 1,200 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,500 லிட்டருக்கு மேல். நூறு வீடு இருக்கிற தெருவில் ஐந்தரை லட்சம் லிட்டர், ஒரு ராத்திரியில். இது ரோட்டுக்கு வராவிட்டாலே கால்வாய்க்குப் பாதிச் சுமை குறையும். 2003இலேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது, பலவற்றில் துளசிச் செடி வளர்கிறது.

மலையில் கல் தடுப்பு வேலைக்கு வனத்துறை அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. கிடைக்காவிட்டாலும் பட்டா நிலத்து ஓடைகளில் தொடங்கலாம்.

இனி உன் மனை விஷயம். பத்திரத்தையும் பட்டாவையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்ற கணக்கை, பார்க்கச் சொல். புல வரைபடமும் வாங்கு. அந்தச் 'சின்ன வாய்க்கால்' ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால், வரைபடத்தில் எத்தனை அகலம், தரையில் எத்தனை அகலம் என்று அளந்து பார்க்க வேண்டும். இருபது மீட்டர் வரைபடத்திலும் இரண்டு மீட்டர் தரையிலும் என்றால் மீதிப் பதினெட்டு மீட்டரில் யாரோ மனை விற்கிறார்கள். அப்புறம், அந்த லேஅவுட்டில் கருங்கல் கம்பத்தில் அழகாகப் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே. சுற்றிலும் ஆடு மேய்ப்பவர் யாராவது இருந்தால், மழைக்காலத்தில் ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டுவார் என்று கேள். பத்திர எழுத்தருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் வா, குடையோடு. இரண்டு பேருமாக அந்த ஓடையை மேலிருந்து நடந்து வருவோம். அக்கா இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் சர்வே எண்ணை எழுதி அனுப்பு. அடுத்த வாரம் தாலுகா அலுவலகம் போகிற வேலை இருக்கிறது, அப்படியே பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
பழனி
வேலூர்