லாக் ஓபரானோடு கடையைக் கட்டிவிடாதீர்கள்: ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார்களுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும், பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சிமடம், ராமேஸ்வரம் உட்பட, பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் இந்தக் கரையில் படித்தவன்தான், இப்போது பிழைப்பே ஆர்.என்.ஏ. மடிப்புகளோடுதான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மரபணு எப்போது வேலை செய்யும், எப்போது நிற்கும் என்ற பாடத்தில் லாக் ஓபரான் (லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க பாக்டீரியா வைத்திருக்கும் மரபணுக் கூட்டம்) முடிந்ததும் நிறுத்திவிடாமல் ரைபோசுவிட்சுக்கு, அதாவது புரதத்தின் உதவியில்லாமல் ஒரு மூலக்கூறைத் தானே பிடித்துப் பார்த்து மரபணுவை நிறுத்தவோ ஓடவிடவோ செய்யும் ஆர்.என்.ஏ. துண்டுக்கு, ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்.

ஊருக்கு வரும்போது பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். லாக்டோஸ் வந்தால், மரபணுவைத் தடுத்து வைத்திருக்கும் ரெப்ரசர் புரதம் டி.என்.ஏ.வை விட்டு விலகும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். சரி, ஆர்.என்.ஏ. என்ன செய்யும் என்று கேட்டால், டி.என்.ஏ. சொன்னதை, புரதம் செய்கிற ரைபோசோமிடம் கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான் என்கிறார்கள். அதாவது முடிவெடுப்பது புரதம், ஆர்.என்.ஏ. வெறும் எடுபிடி. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, 2002 வரைக்கும் பெரிய ஆய்வகங்களிலும் பலரிடம் ஏறக்குறைய இதே நினைப்புதான் இருந்தது. பி1 வைட்டமின் போதுமான அளவு சேர்ந்ததும் பாக்டீரியா அதைத் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது, அப்படியானால் போதும் என்று கண்டுபிடித்துச் சொல்வது யார்? லாக் ஓபரானில் இருப்பது போல ஒரு புரதம் இருந்தாக வேண்டும் என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழுவும், நியூயார்க்கில் எவ்கெனி நூட்லர் குழுவும் தனித்தனியாகக் காட்டின: அங்கே புரதமே கிடையாது, தூது ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதி, அதாவது புரதத்துக்கான செய்தி தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் துண்டு, தானே மடிந்து ஒரு குழியை உண்டாக்கி வைட்டமினைப் பிடித்துப் பார்க்கிறது.

இதை வகுப்பில் காட்ட ஒரு கயிறும் ஐந்து பிள்ளைகளும் போதும். கயிறுதான் ஆர்.என்.ஏ. நான்கு பேர் வரிசையாக அதைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஆள் முதல் ஆளோடும் ஜோடி சேரலாம், மூன்றாவது ஆளோடும் சேரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான். மூன்றாமவருக்கு இரண்டு அல்லது நான்கு. வைட்டமின் இல்லாதபோது இரண்டும் மூன்றும் சேர்ந்துவிடும், நான்கு தனியாக நிற்கும், டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வை எழுதிக்கொண்டு போகும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், வைட்டமின் தயாரிக்கும் நொதிகளுக்கான செய்தி முழுசாக வெளியே வரும். இப்போது ஐந்தாவது பிள்ளையை வைட்டமினாக உள்ளே அனுப்புங்கள், அவர் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார், மூன்றுக்கு வேறு வழியில்லாமல் நான்கோடு சேரும். அந்த மூன்று-நான்கு கொண்டையூசி மடிப்பும் அதை ஒட்டி வரிசையாக வரும் யூ எழுத்துகளும் (ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகள் ஏ, யூ, ஜி, சி) சேர்ந்தால் பாலிமரேஸ் அங்கேயே கழன்றுவிடும். மண்ணில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா செய்வது இதைத்தான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வேறு தந்திரம் வைத்திருக்கிறது, ரைபோசோம் வந்து உட்காரும் இடத்தையே மடித்து மறைத்துவிடும். எழுத்தாகவும் கரும்பலகையில் போடலாம்: ஒன்றும் மூன்றும் ஜி-ஜி-சி-ஏ-சி, இரண்டும் நான்கும் ஜி-யூ-ஜி-சி-சி. ஜி-க்கு சி, ஏ-க்கு யூ என்று எதிர்த்திசையில் வைத்து ஜோடி பார்க்கச் சொல்லுங்கள், கணக்குப் பிடிக்கிற பிள்ளைகள் விடமாட்டார்கள். நான்கு பேரையும் மொத்தமாக நிறுத்தாமல் ஒவ்வொருவராக வரச் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும், ஏனென்றால் பாலிமரேஸ் நொடிக்குச் சில பத்து எழுத்து என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, நான்காவது துண்டு வெளியே வருவதற்குள் வைட்டமின் வந்து ஒட்டியிருக்க வேண்டும், பிந்தினால் பயனில்லை.

அப்புறம் மக்னீசியம். இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம். ஆர்.என்.ஏ. முழுக்க எதிர் மின்சுமை. அது பிடிக்க வேண்டிய தயமின் பைரோபாஸ்பேட்டின் (செல்லுக்குள் பி1 வேலை செய்கிற வடிவம் இதுதான்) பாஸ்பேட் முனையிலும் எதிர் மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிவிட வேண்டியவை எப்படிச் சேர்கின்றன என்றால், நடுவில் இரண்டு மக்னீசியம் அயனிகள் உட்கார்ந்து சமாதானம் பண்ணுகின்றன. ஃப்ளோரைடை உணர்கிற ரைபோசுவிட்சு 2012இல் தெரியவந்தது, அதில் மூன்று மக்னீசியம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் மண்டிக் கிடக்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்து வந்து வேதியியல் லேபில் சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரளும். பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான் அது.

சோறும் இந்தக் கதைக்குள் வருகிறது. பி1 இல்லாவிட்டால், சர்க்கரை உடைந்து வரும் பைருவேட், செல்லுக்குச் சக்தி எடுத்துத் தரும் கிரெப்ஸ் சுழற்சிக்குள் நுழைய முடியாது, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயின் ஆணிவேர் அதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் மலேயாவில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பித்ததை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுதாகப் போகாது. நம் உடம்பு பி1 தயாரிப்பதில்லை, சாப்பிட்டால்தான் உண்டு. ஆனால் நெற்பயிர் தயாரிக்கிறது, திருவாடானை வயலில் நிற்கிற நெல்லிலும் பி1 தயாரிக்கும் ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில், வால் பக்கம், இதே வகை மடிப்பு இருக்கிறது. பாக்டீரியாவில் தலைப்பக்கம், நெல்லில் வால் பக்கம், பிடிக்கிற மூலக்கூறு ஒன்றே. எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மரபணுவும் இப்படித்தான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. புரதங்கள் பார்க்கிற வேலை இன்னும் நிறைய இருக்கிறது, ரைபோசுவிட்சுகள் பெரும்பாலும் பாக்டீரியாவில்தான். மனிதனிடம் இந்த பி1 சுவிட்சு இல்லை என்பது ஒரு வகையில் நல்லதுதான், பாக்டீரியாவின் சுவிட்சை மட்டும் ஏமாற்றுகிற மருந்து தேடுகிறவர்கள் அதை நம்பித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

பொதுத்தேர்வில் இது வராது, போர்ஷன் முடிக்கவே நாள் போதவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. போர்ஷன் முடிந்த பிறகு, ரிவிஷன் வாரத்தில் எல்லாரும் அலுத்துப் போயிருக்கும் ஒரு கடைசி பீரியடில் நடத்தினாலும் சரி. முதல் தடவை தனியாக நடத்தத் தயக்கமாக இருந்தால் பொங்கலை ஒட்டி நான் ஊரில்தான் இருப்பேன், கூப்பிடுங்கள், வருகிறேன்.