வீட்டுப் பிரசவத்துக்கு என்ன விதி? தமிழில் எழுதித் தாருங்கள்

குடும்ப சுகாதாரப் பணியகத்தின் பணிப்பாளர் அவர்களுக்கு,

வீட்டிலேயே பிள்ளை பெறலாமா என்று யோசிக்கும் பெண்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஏச்சு விழும் என்ற பயம். யூடியூப்பைக் கேட்கிறார்கள். அது வேறு நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறது.

அங்கே அடிக்கடி காட்டப்படுவது 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. அது ஒப்பிட்டது, வீட்டிலும் வைத்தியசாலையிலும் பிள்ளை பெறத் திட்டமிட்ட, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளை. பயிற்சி பெற்ற மருத்துவிச்சியும் பக்கத்தில் இருந்தார். அப்படியிருந்தும், வீட்டில் முதல் பிள்ளையைப் பெற முனைந்தவர்களில் 100க்கு 45 பேரை வைத்தியசாலைக்கு மாற்ற நேர்ந்தது. இந்தப் பகுதியை யாரும் பகிர்வதில்லை.

நம் தொடர்மாடிகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால் இரத்தம் நிற்காது. அதை இறுக்கும் ஒட்சிரோசின் ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும். போடத் தெரிந்த கையும் வேண்டும். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், சரி. லிஃப்ட் பழுதான கட்டடத்தில், இரண்டு பேர் ஒதுங்க முடியாத படிக்கட்டில், ஸ்ட்ரெச்சரை எப்படித் திருப்புவது?

சட்டத்திலும் குழப்பம். வீட்டில் பிறந்தாலும் 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பதிவு பெற்ற மருத்துவிச்சி வேறு, காசு வாங்கிக்கொண்டு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருபவர் வேறு என்பதையும் யாரும் விளக்குவதில்லை.

ஆகவே கிளினிக்குகளில் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுங்கள். முன்பு சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்றவர், இரத்த அழுத்தம் உள்ளவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், பிள்ளை தலைகீழாகத் திரும்பாதவர் ஆகியோர் வீட்டில் பெற நினைக்கவே கூடாது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். வழியிலோ வீட்டிலோ திடீரென்று பிறந்துவிட்டால் யாரை அழைப்பது, பிள்ளைக்குக் காசநோயைத் தடுக்கும் பீ.சீ.ஜி. தடுப்பூசி எங்கே போடுவது, எந்தப் பதிவாளரிடம் போவது என்பதும் இருக்கட்டும்.

இன்னொன்று. இந்தப் பெண்களை வீட்டுப் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் பிரசவ அறையே. விளங்காத மொழியில் அதட்டல், பக்கத்தில் தாயும் இல்லை, சகோதரியும் இல்லை. தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. கொழும்பின் பிரசவ அறைகளில் தமிழ் பேசும் ஒரு தாதியாவது ஒவ்வொரு முறைப்பணியிலும் இருக்க வேண்டும். துணைக்கு வருபவருக்கு ஒரு கதிரை போட வேண்டும். துண்டறிக்கை அச்சாகும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
கொழும்பு 13 வாசி ஒருவர்