எங்கள் மழைக்கு ஏற்ற விதையை ஆவணிக்குள் தாருங்கள்

தமிழ்நாடு வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையையும் கண்மாயையும் நம்பி நெல் போடுகிற சம்சாரிகளில் ஒருவன் எழுதுகிறேன்.

ஆற்றுப் பாசனக் கணக்கு எங்கள் பக்கம் செல்லாது. மழைக்கு முன்பே, காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் விதைத்துவிடுவோம். ஐப்பசியில் மழை இறங்கும், மார்கழியோடு ஓய்ந்துவிடும். அப்புறம் கண்மாயில் கிடக்கிற தண்ணீர்தான். அதுவும் பல வருஷம் தை தாண்டாது. சரி, நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் நடுவில் நனைந்து முளைக்கிற 105 நாள் நெல், டிசம்பர் கடைசியில் பூத்து ஜனவரி கடைசியில் அறுப்புக்கு வந்துவிடும். அதே நாளில் முளைக்கிற 150 நாள் நெல் பூ எடுப்பதே பிப்ரவரி நடுவில்தான். பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். தூர் கட்டி நன்றாகத்தான் நிற்கும் பயிர். கதிரை உருவினால் கையில் வருவது பதர்.

இது தெரிந்தும் ஏன் ஆந்திரா பொன்னி என்கிற பி.பி.டி. 5204-ஐ, அந்த 150 நாள் நெல்லை, வாங்குகிறோம்? சன்ன ரகத்துக்கு வியாபாரி கூடுதல் விலை தருகிறார். கடைக்கு எப்போது போனாலும் அது கிடைக்கிறது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான அந்த ரகத்தை நான் குறை சொல்லவில்லை, கடைசிவரை தண்ணீர் உள்ள இடத்தில் அது நல்ல நெல்தான். எங்கள் மழையை மட்டும் நம்பினால் தாங்காது, அவ்வளவுதான். விதை மூட்டையில் தொங்கும் நீல அட்டையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. சான்று பெற்ற விதை, 80 சதவீதத்துக்குக் குறையாமல் முளைக்கும் என்பதற்கு அந்த அட்டை உறுதி. இந்த ஊரில் விளையுமா என்பது அதில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சொல்வதற்கு உங்களிடம் ரகம் இல்லாமலும் இல்லை. இதே மாவட்டத்தில், பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில், மானாவாரிக்கென்றே அண்ணா 4 என்ற நெல் ரகம் உருவாகி 2009-இல் வெளிவந்தது. சுமார் 105 நாள், வறட்சி தாங்கும். களர் நிலத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3 இருக்கின்றன. எங்கள் பெரியவர்கள் போட்ட பழைய ரகங்களான நொறுங்கனும் குழியடிச்சானும் இன்னும் சிலர் குதிரில் இருக்கின்றன. மகசூல் குறைவுதான், ஆனால் மழை பொய்த்த வருஷத்திலும் வீட்டுச் சோற்றுக்கு நெல் தரும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. புழுதி விதைப்புக்கு வேண்டிய விதை ஆவணிக்குள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்துசேர வேண்டும். ஐப்பசியில் வந்தால் யாருக்கும் பயனில்லை. மையத்தின் வாசலில் ஒரு பலகை வையுங்கள்: எந்த ரகம், எத்தனை நாள், கண்மாய்ப் பாசனத்துக்கா வெறும் மழைக்கா, களர் தாங்குமா. வட்டாரத்துக்கு இரண்டு மூன்று சம்சாரி வயலில், மோட்டார் தண்ணீர் காட்டாமல் மழையை மட்டும் விட்டுச் சோதனைப் பயிர் போடுங்கள். அறுப்பன்று எங்களைக் கூப்பிட்டு எங்கள் முன்னால் எடை போடுங்கள். நொறுங்கன், குழியடிச்சான் வைத்திருப்பவர்களிடம் நல்ல விலைக்கு வாங்கி, அவற்றையும் விதையாகப் பெருக்கிக் கொடுங்கள்.

வருகிற ஆவணிக்குள் இந்தப் பலகையும் விதையும் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்ட மானாவாரி விவசாயி