பாதைக்காரக் காக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பழைய வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு திருகோணமலை மாவட்டத்து மூதூரெங்கும் அலைந்த எங்களை மூன்று மாதமாகப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். இங்கே காக்கா என்றால் அண்ணன்; நம் காக்கா ஆற்றில் மிதவை இழுத்தவர்.

முதல் நன்றி, அந்த வரைபடத் தாளைத் தந்த நில அளவையாளர் ஐயாவுக்கு. ஓய்வுபெற்றும் அளவுகோலை விடாத மனிதர். ஒரு மைலை ஒரு அங்குலமாக, அதாவது 63,360-இல் ஒரு பங்காகச் சுருக்கிய தாள் அது. மடிப்புகளில் வெடித்து, பின்பக்கம் சீலை ஒட்டியிருந்தது. வீட்டுக்காரரையே தொடவிடாத பொருளை எங்களிடம் எப்படித் தந்தாரோ!

அதை அப்படியே கொண்டு திரிய மனம் வராமல் போட்டோகொப்பி எடுத்தோம். கடைத் தம்பி தாளுக்குள் அடங்கட்டும் என்று கொஞ்சம் சுருக்கிவிட்டார். அடியில் இருந்த அளவுக்கோடும் வெட்டுப்பட்டுப் போயிற்று. நாங்களோ அடிமட்டத்தை வைத்து அங்குலத்துக்கு ஒரு மைல் என்று கணக்குப் பார்த்து, உப்பாற்றுத் துறையை உச்சிவெயிலில் வயலுக்குள் தேடினோம். பிழை எங்களுடையதுதான். கேலி செய்தாலும் செம்பில் தண்ணீர் தந்த வயற்கார அக்காவுக்கு நன்றி.

சரி, காக்காவிடம் வருவோம். மூதூருக்கு வெளியூர் ஆள் யார் வந்தாலும் கேட்பது 1660-இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடத்தைத்தான். நாங்களும் அந்த நினைவுக்கல்லில்தான் தொடங்கினோம். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய சங்கதி துறைகளில் கிடைத்தது. 2009-இல் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் வழி மட்டும்தான். வண்டி வாகனத்தோடு ஆற்றைக் கடந்த மிதவைக்கும் அதே பெயர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கிண்ணியா, உப்பாறு, கங்கை (மகாவலி), இறால்குழி என்று திருகோணமலையிலிருந்து தரைவழியாக மூதூருக்கு வர நான்கு பாதை ஏற வேண்டியிருந்தது.

காக்கா வரைபடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. "கண் மங்கல் தம்பி, நீ பேரை வாசி" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை எங்களோடு வந்த பிள்ளை ஒருத்தி "ரல்குலி" என்று வாசித்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இறால்குழி மகள், இறால் பிடிக்கிற குழி!" அப்புறம் இரண்டு கையையும் நீட்டி, பாதையை நகர்த்தக் கம்பி இழுத்த தழும்பைக் காட்டினார். உள்ளங்கையில் விரல்களின் அடியில் நேர்கோடாக, காய்ந்த தோல் போல இருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை வரைக்கும் வரைபடத்தை யாரும் விரிக்கவேயில்லை.

ஊர்ப் பெயர்களைத் திருத்தித் தந்த மூத்தம்மாமார், அம்மம்மாமார், ஆற்றுவாய்க்குத் தோணியில் ஏற்றிப்போய்க் காசு வாங்காத மீன்பிடிச் சகோதரர்கள், பள்ளிவாசல் திண்ணையிலும் கோயில் மடத்திலும் எங்களை இருக்கவிட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை.

பெருப்பித்த பிரதி ஒன்று இப்போது நூலகச் சுவரில் தொங்குகிறது. இந்த முறை அளவுக்கோட்டோடுதான். பிழையான பெயர் கண்ணில் பட்டால் திருத்திவிடுங்கள். பக்கத்திலேயே பென்சிலை நூலில் கட்டி வைத்திருக்கிறோம்.